இறையச்சமும் அறிவும்: வடதிருநெல்வேலிக் கிறித்தவ வரலாற்றில் ஒரு கூறு

இறையச்சமே அறிவுக்கு அடிப்படை என்பது விவிலிய நீதிமொழி நூலின் தலையாய கொள்கை. அவ்வச்சம் தண்டனைக்கு நடுங்குதலோ, அன்பின்பாற்பட்ட பணிவோ என்பது ஆராய்தற்குரியது.

அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை 'அறிவுடைமை' அதிகாரத்துள் வைத்தார் வள்ளுவர். திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார், இறைவனுக்கு ஊறு நேருமோ என அஞ்சித் திருப்பல்லாண்டு பாடினார். அது பேரன்பில் பிறந்த அச்சம் என்பர் வைணவ உரையாசிரியர். ஆகவே கிறித்தவப் போதனை வந்து சேர்ந்த நிலம், அச்சத்தை அறிவோடும் அன்போடும் முன்னரே இயைத்துக் கண்ட நிலமாகும்.

அங்கு அப்போதனையைக் கொணர்ந்தோருள் தாமசு இராக்லண்டு குறிப்பிடத்தக்கவர். 1841-இல் கேம்பிரிட்சுக் கணிதத் தேர்வில் நான்காமிடம் பெற்றவர். பின்னர்ச் சென்னையில் சர்ச்சு மிசன் சங்கச் செயலாளராயிருந்தார். அப்பொறுப்பினின்று நீங்கி, 1854-இல் பென், மெடோசு என்பாருடன் வடதிருநெல்வேலியில் கூடாரமடித்துத் தங்கி ஊர்தோறும் செல்லும் பணியைத் தொடங்கினார். திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1910-இல் இராமநாதபுர மாவட்டத்தில் சேர்க்கப்பட்டு, 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதியாயின. இராக்லண்டு 1858 அக்டோபர் 22-ஆம் நாள் சிவகாசியில் மறைந்தார்.

நடுங்குவோன் தான் அஞ்சுவதினின்று விலகி ஓடுவான். இராக்லண்டோ தாம் அஞ்சிய இறைவனின் பணியை நாடி, நகர வாழ்வை விட்டு வெயில் நிலத்திற்கு வந்தார். கற்ற கல்வியைச் செருக்காக்காது தொண்டாக்கிய இப்பணிவே, நீதிமொழி குறிக்கும் அச்சம் எனக் கொள்ளுதல் தகும். பெரியாழ்வாரின் அச்சம் இதனின் வேறெனினும், அன்பின்றி அமையாமை இரண்டிற்கும் பொது.