திருச்சி மகளிர் கல்லூரிகளில் புது விளையாட்டுகள்

திருச்சிராப்பள்ளியில் பெண்களுக்கென முதலில் எழுந்த கல்லூரி, 1923-இல் தொடங்கிய ஹோலி கிராஸ். மலைக்கோட்டையும் தெப்பக்குளமும் கடைவீதிகளும் நெருக்கும் இடத்தில் அது அமைந்தது. 1951-இல் சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியும், 1984-இல் காவிரி மகளிர் கல்லூரியும் வந்தன. இந்தக் கல்லூரிகளில் எந்த ஆட்டம் வேரூன்றியது, எது காத்துக்கிடந்தது என்பதை மாணவியரின் விருப்பத்தைவிட மூன்று காரணங்களே அதிகம் தீர்மானித்தன. மதிலுக்குள் இருந்த இடம், கற்றுக்கொடுக்க ஆள், ஆடிப் பெற்ற சான்றிதழுக்குக் கிடைத்த மதிப்பு ஆகியவையே அவை.

கற்றுக்கொடுக்க ஆள் கிடைத்தது சென்னை வழியாக. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1891-இல் கூடைப்பந்து பிறந்ததும் அதே ஸ்பிரிங்ஃபீல்டில்தான். மறு ஆண்டே அதற்கு அருகிலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரன்சன் விதிகளைச் சற்று மாற்றிப் பெண்களை ஆடவைத்தார். பக்கின் கல்லூரி 1940-இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அதன்பின் விளையாட்டைப் பாடமாகவே படித்த ஆசிரியைகள் உருவாக வழி பிறந்தது. எறிபந்தும் ஒய்.எம்.சி.ஏ. மூலம் சென்னைக்கு வந்து, 1940-களில் பெண்களின் ஆட்டமாகப் பரவியதுதான்.

அந்தக் காலத்தில் மகளிர் கல்லூரிகளில் நிலைபெற்ற ஆட்டங்களின் அளவைப் பார்த்தாலே பாதி வரலாறு விளங்கிவிடும். எறிபந்துக்கு 18.30 மீட்டர் நீளமும் 12.20 மீட்டர் அகலமும் போதும். வளையப்பந்துக்கு அதிலும் குறைவு: 12.2 மீட்டருக்கு 5.5 மீட்டர். பெண்கள் கபடிக் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். தஞ்சை அரச குடும்பத்தில் 1856 வாக்கில் தோன்றியதாகச் சொல்லப்படும் பூப்பந்தாட்டத்துக்கு 24 மீட்டருக்கு 12 மீட்டர் வேண்டும். மஞ்சள் கம்பளிப் பந்தும் மட்டையும் இருந்தால் ஐந்து பேர் கொண்ட ஓர் அணி தயார். வகுப்பறைகளுக்கு நடுவே உள்ள திறந்தவெளியில் இவை எல்லாவற்றுக்கும் கோடு போட்டுவிடலாம். கால்பந்துக்கோ ஏறத்தாழ நூறு மீட்டர் நீளம் தேவை. பெண்கள் கால்பந்து ஆட மாட்டார்கள் என்ற பேச்சு நெடுங்காலம் நிலவியது. ஆட இடமே கொடுக்காமல் அப்படிச் சொல்வது நியாயமில்லை.

1982-இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடங்கியது கல்லூரி விளையாட்டில் ஒரு திருப்பம். அதுவரை திருச்சிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. ஒரு விளையாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் ஓர் அணியைத்தான் அனுப்பும் என்பதால், இங்குள்ள மாணவி பல்கலைக்கழக அணியில் இடம்பிடிக்கச் சென்னைக் கல்லூரிகளின் மாணவியரோடு மோதவேண்டியிருந்தது. புதிய பல்கலைக்கழகம் வந்தபின் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதி மாணவியருக்குத் தனி அணி கிடைத்தது. கல்லூரிகளுக்கிடையிலான போட்டி, அதில் தேறினால் பல்கலைக்கழக அணி, பின்பு தென்மண்டலம், அதற்கும் மேல் அகில இந்தியப் போட்டி என ஏறிச் செல்ல ஒரு படிவரிசை உருவாயிற்று.

புதிய விளையாட்டு ஒன்று கல்லூரிக்குள் நுழைவதும் இந்தப் படிவரிசையைப் பொறுத்ததே. மேலே போட்டி இல்லாத ஆட்டத்துக்குக் கீழே அணி சேர்க்க எந்தக் கல்லூரியும் பணம் ஒதுக்காது. கீழே அணிகள் இல்லாவிட்டால் மேலே போட்டி நடத்தவும் முடியாது. அமெரிக்கா இந்தச் சிக்கலுக்கு விதி போட்டே வழி கண்டது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அங்கே 1972-இல் வந்தது. அங்குள்ள தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1994-இல், வளர்ந்துவரும் பெண்கள் விளையாட்டுகள் எனத் தனிப் பட்டியல் தொடங்கியது. பட்டியலில் உள்ள ஓர் ஆட்டத்தைக் குறைந்தது 40 கல்லூரிகள் ஆடத் தொடங்கினால் அதற்குத் தேசியப் போட்டி வைக்கலாம். துடுப்புப் படகு, ஐஸ் ஹாக்கி, நீர்ப்பந்து, கடற்கரை வாலிபால் ஆகியவை அவ்வாறு மேலேறியவை. இந்தியாவில் மேலிருந்துதான் கதவு திறந்தது. ஒலிம்பிக்கிலோ ஆசியப் போட்டியிலோ பெண்களுக்கு ஒரு பிரிவு சேர்ந்தால், தேசியப் போட்டியும் பல்கலைக்கழகப் போட்டியும் அதன் பின்னாலேயே வந்தன.

சான்றிதழின் மதிப்பைப் புரிந்துகொள்ள, திருச்சியின் கிழக்கிலுள்ள அரியமங்கலத்தின் இருப்பிடம் உதவும். மகளிர் கல்லூரிகள் நகரின் நடுவிலும் மேற்கிலும் இருக்க, வேலை தரும் பெரிய நிறுவனங்கள் கிழக்கே வளர்ந்தன. 1920-களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனையும், 1960-களில் திருவெறும்பூரில் எழுந்த பெல் ஆலையும் அவற்றில் முதன்மையானவை. இரண்டுக்கும் நடுவே தஞ்சாவூர் சாலையில் அமைந்தது அரியமங்கலம். தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த இந்தக் கிழக்குப் பகுதிக்கு ரயில்வே வேலை அந்நியமானதல்ல. விளையாட்டு வீராங்கனைகளுக்கு நாட்டிலேயே மிகுதியாக வேலை தரும் நிறுவனங்களுள் ஒன்று ரயில்வே. ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’ என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்தபின், மகள் அதிகாலையில் பயிற்சிக்குப் போவது வீண் பொழுதாகத் தெரியவில்லை. கபடியும் கோ-கோவும் ஆடிய பெண்களுக்குக் குடும்பத்தின் சம்மதத்தைப் பெற்றுத் தந்ததில் பதக்கத்தைவிட இந்த வேலை வாய்ப்புக்கே பங்கு அதிகம்.

ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களுக்கான கதவுகள் தாமதமாகவே திறந்தன. மாரத்தானும் 400 மீட்டர் தடை ஓட்டமும் 1984-இல் சேர்ந்தன. மும்முறைத் தாண்டுதல் 1996-இலும், சங்கிலிக்குண்டும் கோலூன்றித் தாண்டுதலும் 2000-இலும், 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் 2008-இலும் வந்தன. பெண்கள் பளுதூக்குதலும் 2000 சிட்னியில்தான் முதல்முறை இடம்பெற்றது. அங்கே கர்ணம் மல்லேஸ்வரி வென்ற வெண்கலம், ஒலிம்பிக்கில் இந்தியப் பெண் ஒருவர் பெற்ற முதல் பதக்கம். பளுதூக்கும் மேடை 4 மீட்டர் சதுரம். பெண்களுக்கான தண்டின் எடை 15 கிலோ. வாள்வீச்சுக் களம் 14 மீட்டர் நீளமுள்ள, இரண்டு மீட்டருக்கு மேற்படாத ஒரு பட்டை. எறிபந்தை ஏற்ற அதே நெருக்கமான வளாகங்கள் இவற்றையும் ஏற்கக்கூடியவை. சென்னையின் பவானி தேவி டோக்கியோவில் களமிறங்கி, ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சாளர் ஆனார்.

கோலூன்றித் தாண்டுதலின் நிலை வேறு. வளையும் கோல்களும், விழுந்தால் தாங்கும் மெத்தையும் விலை மிகுந்தவை. ஒரு கல்லூரி தனியாக வாங்கக் கட்டுப்படியாகாது. அப்படியிருந்தும் இந்தப் பிரிவில் தமிழ்நாட்டுப் பெண்களே நாட்டுக்கு முன்னோடிகள். வி.எஸ். சுரேகா 2014-இல் 4.15 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் ரோஸி மீனா 4.20 மீட்டர் தாண்டி அதை முறியடித்தார்.

கால்பந்தும் மெல்ல இடம்பிடித்தது. 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றனர். 2023-இல் மீண்டும் வென்றனர். கடலூரும் மதுரையும் இந்த வளர்ச்சிக்கு நாற்றங்கால்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல்முறை சேர்ந்த ஒரு புதுப் பிரிவு, ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் 4x400 மீட்டர் தொடரோட்டம். 2021 ஜூலை 30 அன்று இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் மூவர் தமிழர்; அவர்களில் சுபா வெங்கடேசனும் ஆரோக்கிய ராஜீவும் திருச்சி மாவட்டத்தவர். மூன்றாமவரான ரேவதி வீரமணி, பாட்டியின் வளர்ப்பில் வறுமையோடு வளர்ந்து, மதுரை லேடி டோக் கல்லூரியில் படித்தபடியே ஓட்டம் பயின்றவர். ஒரு கல்லூரி இடம் தந்து தாங்கினால் ஒரு பெண் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

பழைய கலை ஒன்றும் புது விளையாட்டாகக் கல்லூரிக்குள் வந்தது. சிலம்பம், அரசு வேலைக்கான மூன்று விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் 2021-இல் சேர்க்கப்பட்டது. கோயில் திருவிழாவிலும் ஆசான்களின் களத்திலும் இருந்த கம்புக்கு அப்போதுதான் சான்றிதழ் மதிப்பு வந்தது. 2023-இல் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் பள்ளி, கல்லூரி, பொதுமக்கள் எனத் தனித்தனிப் பிரிவுகளாக நடந்தபோது சிலம்பமும் அதில் இடம்பெற்றது.