உள்வாயும் கலிங்கும்

வெள்ள எல்லையை வரைபடத்தில் வர்ணம் தீட்டிக் காட்டும் சாஸ்திரம் தோன்றுவதற்கு முன்பே, சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் கிராமத்தார், குளம் பெருகினால் நீர் எதுவரை ஏறும் என்பதை ‘உள்வாய்’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிட்டார்கள். உபரிநீர் வழிந்தோடும் கலிங்கின்மேல் நட்ட கற்களுக்கிடையே பலகையும் மண்ணும் அடைத்து நீரைத் தேக்குவதும், ஐப்பசி, கார்த்திகையில் மழை உக்கிரமானால் நள்ளிரவிலும் அவற்றைப் பிடுங்கிவிடுவதும் ஊர் நீரைக் கவனிக்கும் நீர்பாய்ச்சியின் தர்மம். கரையைக் கூடிச் செப்பனிடும் குடிமராமத்தே அக்காலத்து இன்ஷூரன்ஸ் பிரீமியம் எனலாம், சற்று மிகைதான். அந்தக் குடிமராமத்தைச் சென்னை ராஜதானியில் 1858-இல் சட்டமிட்டு வற்புறுத்த நேர்ந்தது. பயிர் அழிந்தால் ரயத்துவாரி நிலவரி முறையில் கிடைத்த வஜா, தீர்வையைக் குறைத்ததேயன்றி நஷ்டத்தை ஈடுசெய்ததில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தென்மாவட்டக் குளங்கள் பல உடைந்தன. மனை வாங்குபவரானால், அது குளத்தின் உள்வாயில் இருக்கிறதா என்றறியப் பத்திரத்தோடு பழைய கிராம வரைபடத்தையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.