ஐந்தாம் வகை: ஓர் எண்ணின் வரலாறு

‘ஹரிக்கேன்’ என்ற சொல்லின் வேர் கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் மொழியில் இருக்கிறது. ஸ்பானியர் அதை ‘ஹுராகான்’ என்று எடுத்துக்கொள்ள, பிறகு ஆங்கிலத்துக்கு வந்தது. தொடக்கத்தில் அது காற்று, மழை, கடல் எல்லாம் சேர்ந்த முழுப் புயலின் பெயர். 1805இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் காற்றின் வலிமையைப் படிப்படியாக வகுத்தார்; பிறகு அந்த அளவுகோலின் உச்சமான 12ஆம் படிக்கு இந்தப் பெயர் அமைந்தது. எந்தக் கப்பற்பாயும் தாங்காத காற்று என்பதே அதற்கு இலக்கணம். பின்னாளில் அந்தப் படிக்கு 64 நாட், அதாவது மணிக்குச் சுமார் 119 கி.மீ. என்ற தொடக்க எல்லை வந்தது. இன்றைய சூறாவளி அளவுகோலின் ‘முதல் வகை’ தொடங்குவதும் அங்கேதான். முழுப் புயலின் பெயர் காற்றின் பெயராகச் சுருங்கிய வழி இது.

சூறாவளியின் வலிமையைச் சொல்லும் ‘வகை’ என்ற எண்ணும் அதே வழியில்தான் சென்றது. 1969இல் ஐ.நா.வுக்காக, புயல் அடிக்கும் நாடுகளில் மலிவு வீடுகள் பற்றி ஆராய்ந்த பொறியாளர் ஹெர்பர்ட் சாஃபிர், கட்டடங்களுக்கு நேரும் சேதத்தை வைத்து ஐந்து படிகளை வகுத்தார். அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்தின் இயக்குநர் ராபர்ட் சிம்ப்சன், காற்று தள்ளிக் கரையேறும் கடல்பெருக்கின் உயரத்தையும் அதில் சேர்த்தார். 2010இல், அந்த அளவுகோலில் இடம்பெற்றிருந்த கடல்பெருக்கும் காற்றழுத்தமும் நீக்கப்பட்டன. இப்போது எஞ்சியிருப்பது, 10 மீட்டர் உயரத்தில் ஒரு நிமிடச் சராசரியாக வீசும் உச்சக் காற்று மட்டுமே. அது மணிக்கு 252 கி.மீ.யை எட்டினால் ஐந்தாம் வகை.

காற்றுதானே கடலைத் தள்ளுகிறது, காற்றை அளந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 2004இல் ஃபுளோரிடாவைத் தாக்கிய சார்லி நான்காம் வகை. ஆனால் சிறிய புயல், கடல் ஏறியது ஏறக்குறைய 2 மீட்டர். 2008இல் டெக்சாஸில் கரை கடந்த ஐக் இரண்டாம் வகைதான்; ஆனால் பரப்பில் மிகப் பெரியது. பொலிவர் தீபகற்பத்தில் கடல் 4.5 மீட்டருக்கும் மேல் ஏறியது. கில்கிறிஸ்ட் என்ற ஊரில் பெரும்பாலான வீடுகள் இருந்த இடத்தில் தூண்களே மிஞ்சின. 2017இல் ஹார்வி கரை கடந்து வலுவிழந்த பிறகும் பெய்துகொண்டே இருந்தது. டெக்சாஸின் நெடர்லாந்தில் பதிவான மொத்த மழை 1,539 மி.மீ. 1963 முதல் 2012 வரை அட்லாண்டிக் புயல்களால் அமெரிக்காவில் நேரடியாக இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் நீரால் மாண்டவர்கள். இறந்த அனைவரிலும் ஏறக்குறைய பாதிப்பேரின் உயிரைக் குடித்தது கடல்பெருக்கு.

அப்படியானால் நீரையும் சேர்த்து ஒரே எண்ணாக்கலாமே என்பது அடுத்த வாதம். அதுவும் நிற்காது. புயலின் பரப்பு, நகரும் வேகம், கரையைத் தொடும் கோணம், கடலடியின் சரிவு எல்லாம் சேர்ந்து கடல்பெருக்கைத் தீர்மானிக்கின்றன. ஒரே புயல் ஒரு கரையில் 2 மீட்டரும் மற்றொரு கரையில் 5 மீட்டரும் ஏற்றலாம். அதை ஓர் எண் சொல்ல முடியாது. ஆகவே 2010இல் எடுத்த முடிவு சரியே. கூரை வேய்பவருக்கும் மின்கம்பம் நடுபவருக்கும் காற்றின் எண் தேவை. 2017 முதல் கடல்பெருக்குக்கு அமெரிக்காவில் தனி எச்சரிக்கை விடுப்பதும் இதனால்தான். கோளாறு, காற்றின் எண்ணை ஆபத்தின் எண்ணாகப் படிப்பதில் இருக்கிறது. ‘சூறாவளி’ என்ற நம் சொல்லிலும் ‘வளி’, அதாவது காற்றுதான் இருக்கிறது. அதனால் தமிழில் செய்தி எழுதுவோருக்கு எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். ‘இரண்டாம் வகையாக வலுக்குறைந்தது’ என்று எழுதும்போது, கடல் எவ்வளவு ஏறும், மழை எவ்வளவு பெய்யும் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.