சேலம் அருணாசலம் செய்த கத்தி

சற்று நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் மட்டும் படியுங்கள்.

தோட்டத்துக்கும், கொல்லிமலைப் பக்கம் நடக்கப் போகும்போதும் ஆகும் என்று மகன் உறையோடு ஒரு கத்தி வாங்கி அனுப்பினான். பெட்டியில் காடும் மலையும் படமாக இருந்தன. ராசிபுரம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவரிடம் காட்டினேன்.

"ஏனுங்க வாத்தியாரே, பெட்டி நல்லாருக்குதுங்க" என்றார். பிறகு கத்தியை எடுத்து, முதுகு நேராக ஓடுகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அடுத்து பிடி. இரும்பு பிடியின் கடைசிவரை போகிறதா, எலிவால்போல் மெலிந்து பாதியில் நிற்கிறதா? எலிவால் என்றால் விறகு வெட்டும்போது கழுத்தில் முறியும். பின்பு வெட்டுவாயின் ஓரத்தில் அரத்தை லேசாக இழுத்தார். அரம் வழுக்கினால் இரும்பு கெட்டி, கடித்தால் மெத்து. என்னுடையதில் நன்றாகவே கடித்தது. காய்ந்த வேலங்கட்டையில் நாலு வெட்டு வெட்டியதும் வாய் மடங்கிவிட்டது.

"மடங்குனா பதம் பத்தலைங்க. உதுந்தா பதம் மிஞ்சிப்போச்சுங்க" என்றார்.

அவருடைய அரிவாள்கள் லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்தவை. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிக்குப் பேர்போன ஊர்கள், கழித்த பட்டைக்குப் பஞ்சமில்லை. அந்த இரும்பில் நூற்றுக்குச் சுமார் 0.6 பங்கு கரி கலந்திருக்கும். அதைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் வாட்டி எடுப்பதில்தான் பதம் இருக்கிறது.

இந்தப் பதத்துக்கு நம் பக்கத்தில் நீண்ட சரித்திரம் உண்டு. சேலத்தை ஒட்டிய கஞ்சமலை முழுவதும் இரும்புக் கனிமம். ஆனால் அது வளமானது அல்ல. நூற்றுக்கு 35 அளவே இரும்பு, மீதி பெரும்பாலும் வெங்கச்சங்கல். நம் ஆட்கள் அதை இடித்து, புடைத்து, அலசி, சிறு மண் உலையில் இட்டு இரும்பாக்கினார்கள். அந்த இரும்பை உருக்காக மாற்றியது இன்னும் நுணுக்கமான வேலை. துண்டு துண்டாக வெட்டி, காய்ந்த ஆவாரங்குச்சியோடு மூசை என்னும் சிறு மண்குடுவையில் வைத்து, மேலே எருக்கிலை போட்டு, களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இருபது, இருபத்துநாலு மூசைகளை ஓர் உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆவாரங்குச்சியின் கரி இரும்பில் இறங்கி உருக்கு ஆகும். ஐரோப்பாவில் இதற்கு 'ஊட்ஸ்' என்று பெயர்.

இதை எழுதிவைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை வைத்தவர். சேலத்துக் கனிமம் அங்கே போயிற்று. ஆலை கடைசிவரை லாபத்தில் நிற்கவில்லை. ஹீத் 1839இல் மாங்கனீஸ் சேர்த்து உருக்கு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பலனை ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் அனுபவித்தார்கள். அவருக்கு மிஞ்சியது கோர்ட் வழக்கு.

வாட்ஸப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது: ஊட்ஸ் ரகசியத்தை வெள்ளைக்காரன் திருடிவிட்டான் என்று. எனக்கு இது ஒப்பவில்லை. கட்டி உருக்கு அவர்கள் கையிலேயே இருந்தது, பதம்தான் கைவரவில்லை. 1722இல் ரியோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் பாரிஸ் கொல்லர்களிடம் இந்திய உருக்கைக் கொடுத்துப் பார்த்தார். ஒருவராலும் அதில் ஒரு கருவி அடிக்க முடியவில்லை. கரி மிகுந்த உருக்கை வெண்சூட்டில் அடித்தால் நொறுங்கிவிடும்; செஞ்சூட்டிலேயே பொறுமையாக அடிக்க வேண்டும். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819இல் ஊட்ஸைப் பகுத்துப் பார்த்து, அதிலுள்ள அலுமினாவே காரணம் என்று கருதினார். அதுவும் சரியில்லை. ஆனால் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த ஸ்டோடார்ட் என்னும் லண்டன் கத்திக்காரர் சவரக்கத்திக்கும் அறுவைக் கருவிக்கும் இந்த உருக்கையே விரும்பினார்.

பதம் சேலத்தில் இருந்தது என்பதற்குப் பெயரோடு சாட்சி உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சேலத்தில் அருணாசலம் என்ற கொல்லர் வேட்டைக்கத்தியும் பன்றி ஈட்டியும் செய்தார். குதிரைமேல் இருந்தபடி காட்டுப்பன்றியைக் குத்துவது அன்றைய துரைமார் விளையாட்டு. ஈட்டி மடங்கினால் குத்தியவன் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். அப்படிப்பட்டவர்கள் நம்பி வாங்கியது இவர் சரக்கை. அலகிலேயே ஆங்கில எழுத்தில், அவர்கள் வாயில் நுழைந்தபடி 'அர்னாச்செல்லம், சேலம்' என்று பொறித்திருக்கும். முறிந்தால் யாரைக் கேட்பது என்பது இரும்பிலேயே எழுதியிருந்தது. அந்தக் கத்திகள் இன்றும் வெளிநாட்டு ஏலங்களில் வருகின்றன. நம் பாடப்புத்தகத்தில் நான் அவர் பெயரைப் பார்த்ததில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவன் சொல்கிறேன்.

இன்றைய சேலம் உருக்காலை வேறு கதை. 1967இல் அண்ணா எழுச்சி நாள் நடத்திக் கேட்டது, 1970இல் அடிக்கல் நாட்டியது. 1980களின் தொடக்கத்தில் வெளியிலிருந்து வந்த உருக்குச் சுருளைத் தகடாக உருட்டுவதில் தொடங்கியது. நம் வீட்டு டம்ளருக்கு அது போதும்.

என் கத்தியை ஆசாரி மறுபடி உலையில் வைக்க மறுத்துவிட்டார். எவர்சில்வர் வகையின் சூடு வேறு, கணக்குத் தெரியாமல் வைக்க மாட்டேன் என்றார். ஸ்பிரிங் பட்டையில் ஒன்று அடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.

சேலம், நாமக்கல் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் பழைய வேட்டைக்கத்தியோ ஈட்டி முனையோ கிடந்தால், பிடிக்கு மேலே அலகில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். சாணை பிடிக்கவோ உப்புத்தாள் போடவோ வேண்டாம், எழுத்து அழிந்துவிடும். லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.