அபின் கடை மூடிய பிறகு

அபின், அதிலிருந்து எடுக்கும் மார்ஃபின், கோடீன், ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஹெராயின், டிரமடால், டாபெண்டடால் எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள். வாரக்கணக்கில் உட்கொண்டால் உடல் இவற்றுக்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர் என்று தொடங்கி வாந்தி, வயிற்றுப்போக்கு, புல்லரிப்பு, கைகால் குடைச்சல், தூக்கமின்மை என்று தொல்லைகள் வளரும். ஹெராயின் என்றால் கடைசி வேளைக்கு 6 முதல் 12 மணி நேரத்தில் ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். இந்தப் பத்து நாளை மருத்துவத்தின் வேலையாக ஏற்றுக்கொள்ள இந்தியாவுக்கு நெடுங்காலம் பிடித்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1773-இல் வங்காளத்து அபினைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. சீனாவுக்குக் கப்பலேறியது போக, உள்நாட்டில் உரிமம் பெற்ற கடைகளில் அபின் விற்பனையானது. மதராஸ் மாகாணத்தில் கள், சாராயத்தோடு அதுவும் ஆப்காரி (கலால்) வருமானத்தில் ஒரு சிறு பங்கு. கோதாவரிப் பகுதியில் புழக்கம் இருந்தது. தமிழ் மாவட்டங்களில் அபின் தின்றவர்கள் சொற்பம். 1893-இல் லண்டன் அரசு அமைத்த அபின் விசாரணைக் குழு 700-க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. 1895-இல் தடை தேவையில்லை என்று முடித்தது. வருமானம் பற்றியும் பழக்கத்தின் தீமை பற்றியும் மூட்டை மூட்டையாகச் சாட்சியங்கள் குவிந்தன. பழகியவன் விட நினைத்தால் அவனை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு அதில் பெரிய இடம் கிடைக்கவில்லை.

1937-இல் ராஜாஜி கொண்டுவந்த மதராஸ் மதுவிலக்குச் சட்டம் மதுவோடு போதைப்பொருள்களையும் சேர்த்தே தடுத்தது. இன்று விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசுப் பகுதியில் உள்ள தாயில்பட்டி அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்து முடிந்தபோது அங்கும் அது நடப்பில் இருந்தது. அடுத்த ஆண்டு கூடிய அகில இந்திய அபின் மாநாடு, மருத்துவம் அல்லாத அபின் பயன்பாட்டைப் பத்தாண்டில் ஒழிக்க முடிவெடுத்தது. கடைகளுக்கான சரக்கு ஆண்டுக்காண்டு குறைக்கப்பட்டு, 1959 மார்ச் 31-ஆம் தேதியோடு கெடு முடிந்தது. மருத்துவரின் சான்றோடு பதிவு செய்துகொண்ட பழைய பழக்கக்காரர்களுக்கு மட்டும் அரசே அளந்து கொடுத்தது. நாடே ஒரு நோயாளிக்குச் செய்வதுபோல் அளவைப் படிப்படியாகக் குறைத்த நடவடிக்கை இது. ஆனால் குறைந்த அளவில் தவித்தவனைப் பார்க்கத் தனி வார்டு எதுவும் அதோடு பிறக்கவில்லை.

மருத்துவ உலகம் அதற்குள் பல வழிகளைப் பரிசோதித்திருந்தது. 1870-களில் பெர்லினில் மருத்துவர் லெவின்ஸ்டைன், மார்ஃபின் பழகியவர்களை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்தினார். நியூயார்க்கில் 1909 வாக்கில் பெல்லடோனா சேர்த்த கலவையும் பேதி மருந்தும் பிரபலமாயின. நோயாளி படுகிற பாடு முன்பைவிடக் குறைந்தது என்று சொல்வதற்கில்லை. 1935-இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் பாதிச் சிறையும் பாதி மருத்துவமனையுமாக ஒரு நிலையம் திறந்தது. மருத்துவர் ஹிம்மெல்ஸ்பாக் அங்கே கண்பாவை, வியர்வை, வாந்தி, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுத் தவிப்பை அளக்கத் தொடங்கினார். திருப்பம் அதுதான். 'நடிக்கிறான்' என்ற சந்தேகத்துக்குப் பதிலாகத் தாளில் ஓர் எண் நின்றது. இன்று வார்டுகளில் பயன்படும், 11 அறிகுறிகளுக்கு மொத்தம் 48 மதிப்பெண் கொண்ட அளவுகோல் அந்த வழி வந்ததுதான்.

மாற்று மருந்துகள் பின்னால் வந்தன. ஜெர்மனியில் 1930-களின் இறுதியில் உருவான மெத்தடோனை 1960-களின் நடுவில் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் நீண்டகாலச் சிகிச்சையாக்கினர். 1978-இல் ரத்த அழுத்த மாத்திரையான குளோனிடின் வியர்வையையும் படபடப்பையும் அடக்கும் என்று தெரிந்தது. இங்கிலாந்தில் வலிமருந்தாகத் தயாரான புப்ரெனார்ஃபின் இதற்கும் உதவும் என்ற ஆய்வும் அதே ஆண்டில் வெளிவந்தது.

சென்னையில் இந்த மருந்தின் கதை வினோதமானது. 1980-களில் நகருக்குள் 'பிரவுன் சுகர்' எனும் மட்டரக ஹெராயின் நுழைந்தது. 1990-களில் அதைப் புகைத்த பலர் விலை மலிவான புப்ரெனார்ஃபின் ஊசிக்கு மாறினர். ஊசியைப் பகிர்ந்ததால் எச்.ஐ.வி. பரவியது. நோயைக் கொண்டுவந்த அதே மருந்து, நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை வடிவில் சிகிச்சையாகத் திரும்பியது. 2007-இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் அது அரசின் அங்கீகாரம் பெற்றது. மெத்தடோன் இந்தியாவில் 2012-இல்தான் வந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கைதுக்கும் தண்டனைக்கும் விரிவாக வழி செய்ததைப் பார்த்தால், மாத்திரை எவ்வளவு பிந்தி வந்தது என்பது புரியும்.

தமிழ்நாட்டில் மறுவாழ்வு மையம் என்றாலே குடி நிறுத்தும் இடம் என்றுதான் பொருள். 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையும் குடிப்பழக்கத்தில்தான் முதலில் கவனம் வைத்தது. மருத்துவர், ஆலோசகர், குடும்பம் மூவரையும் ஒரே சிகிச்சைக்குள் கொண்டுவந்த அதன் முறை பின்னர் மற்ற போதைகளுக்கும் உதவியது. ஆனால் இரண்டு சிகிச்சையும் ஒன்றல்ல. குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அபின் வகையை நிறுத்தும்போது, உடல்நலம் உள்ளவர்களுக்குத் தவிப்பு கடுமை, ஆபத்து குறைவு. விடாத வாந்தி பேதியில் நீர் வற்றுவதும், கர்ப்பிணிகளின் நிலையும் விதிவிலக்கு. கர்ப்பிணிக்குத் திடீரென நிறுத்துவதில்லை, மாற்று மருந்தைத் தொடர்வார்கள்.

பட்டாசுப் பகுதியில் இந்த மருந்துகளுக்கு வேறொரு வாசல் உண்டு: தீக்காயம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் வெடிவிபத்து அபூர்வமல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆழமாக வெந்த தோலில் கட்டுப் பிரிப்பதும் கழுவுவதும் நாள் தவறாமல் நடக்கும் வேதனை. மார்ஃபின் வகை வலிமருந்து இல்லாமல் அதைத் தாங்குவது கடினம். அப்படி வாரக்கணக்கில் மருந்து பெற்றவரின் உடலும் பழகியிருக்கும். அவர் போதைக்கு அடிமையானவர் அல்லர். மருந்தை நினைத்து ஏங்குவதும் தேடி அலைவதும் வேறு, உடல் பழகுவது வேறு. ஒரே நாளில் மருந்தை வெட்டாமல், காயம் ஆற ஆற அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் பெரும்பாலும் தொல்லை தெரியாமலே தீரும். இப்படிப்பட்ட மருந்துகள் ஆஸ்பத்திரிகளுக்குத் தடையின்றிக் கிடைக்க, 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பின் மார்ஃபின், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் பட்டியலில் சேர்ந்தன.

மறுபக்கம், டாபெண்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காவல்துறைச் செய்திகளில் அடிக்கடி வருகிறது. 2018-இல் டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, அபின் வகையை உபயோகிப்பவர்கள் நாட்டில் 2 கோடிக்கு மேல் என்றது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு, போதை மீட்புச் சிகிச்சை தரும் மனநல மருத்துவருக்காகத் தாயில்பட்டியிலிருந்து மதுரை வரை போக வேண்டிய தேவை குறைந்திருக்கலாம். 2025-இல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது.

சிகிச்சை முறை இப்போது ஓரளவு நிலைபெற்றுவிட்டது. புப்ரெனார்ஃபினை அவசரப்பட்டுக் கொடுப்பதில்லை. முந்தைய போதை உடலில் இருக்கும்போதே கொடுத்தால் அதுவே தவிப்பை ஒரேயடியாகக் கிளப்பிவிடும். கண்பாவை விரிந்து, புல்லரித்து, மதிப்பெண் ஏறும்வரை பொறுத்திருக்க வேண்டும். குளோனிடின் என்றால் ஒவ்வொரு வேளைக்கு முன்பும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்., குடைச்சலுக்கு வலிமாத்திரை தனித்தனி. உடல் தேறிய பிறகே பெரிய ஆபத்து தொடங்குகிறது: பத்து நாள் விட்டதில் உடலின் தாங்கும் சக்தி போய்விடும், பழைய அளவையே மறுபடி ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம். அதனால்தான் பலருக்கு மாற்று மருந்தை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தொடர்கிறார்கள்.