ஊவாவின் உத்தியோகத்தர்

பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுந்தது, 1857இல் திறக்கப்பட்டது. எல்லவிலிருந்து வரும் என் மாணவரிடம் யார் அவர் என்று கேட்டால், "யானை கொன்ற துரை" என்பர். யானை சுடுவோருக்கு அரசே சன்மானம் வழங்கிய காலம். அவர் 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வர். ஆயினும் அவர் உதவி அரசாங்க அதிபருமாவார், வீதிகளும் வெட்டுவித்தவர்.

அவர் பதவியிலிருக்கையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உரித்து நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்றது. கிராமத்தவர் சேனை செய்த நிலங்கள் இவ்வாறு கைமாறின. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்ற காணிகளை, நிர்வாகப் பொறுப்பிலிருந்த உத்தியோகத்தரே வாங்கிக் கோப்பி நட்டனர். மகாவம்சத்தை ஆங்கிலப்படுத்திய ஜோர்ஜ் டேர்ணரும் அவர்களுள் ஒருவர். சில ஆண்டுகளின் பின்னரே லண்டன் அதைத் தடுத்தது.

1845 ஜூன் 7இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி ரொஜர்ஸ் மாண்டார். நுவரெலியாவில் கல்லறை, பதுளையில் ஆலயம். தமிழகத்திலிருந்து நடந்து வந்து அந்தக் கோப்பியைப் பறித்தோருக்கோ கல்லும் இல்லை, காணியும் இல்லை. அவர்தம் சந்ததியார் காணி உறுதி கேட்கும்போது, இந்தப் பழங்கணக்கின் நிலுவையையே கேட்கிறார்கள்.