ஆமிக் கடிதமும் மறைத்து வைத்த குளிசையும்: சுவிஸில் தீவகத்துப் பிள்ளைகள்

சுவிற்சர்லாந்தில் பிரசாவுரிமை எடுத்த தமிழ்க் குடும்பங்களில், மகனுக்கு 18 வயது ஆகும்போது மாநில இராணுவ அலுவலகத்தின் கடிதம் வந்து சேரும். அந்நாட்டு அரசியலமைப்பின் 59ஆவது உறுப்புரைப்படி ஆண் பிரசைகளுக்கு இராணுவ சேவை கட்டாயம். பெண்கள் விரும்பினால் சேரலாம். இளம் வயதில் பிரசையான தமிழ்ப் பையனுக்கும் சுவிஸ் பெற்றோருக்குப் பிறந்த பையனுக்கும் இதில் வேறுபாடு இல்லை. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, ஊர்காவற்றுறை என்று தீவகத்தில் இருந்து எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போன குடும்பங்கள் அங்கே நிறைய. அவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இப்போது இந்தக் கடிதம் வருகிறது.

பெற்றோருக்கு அது சாதாரணக் கடிதம் அல்ல. 1985 மே 15இல் நெடுந்தீவில் இருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990 ஓகஸ்டில் படையினர் தீவகத்தைப் பிடித்தபோது மண்டைதீவில் கொண்டு போகப்பட்ட இளைஞர்கள் திரும்பவில்லை. 2006 மே 13இல் அல்லைப்பிட்டியிலும் அயல் கிராமங்களிலும் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சீருடை என்றால் இவர்களுக்கு நினைவில் வருவது இவைதான். அந்த வீட்டில் வளர்ந்த பையன் இன்னொரு நாட்டின் சீருடையைப் போட அழைக்கப்படுகிறான்.

அவன் பதினாறு வயதில் மனச்சோர்வுக்குக் குளிசை எடுத்தவனாக இருந்தால் வீட்டில் இன்னொரு கேள்வியும் எழும்: இதை ஆமிக்காரரிடம் சொல்வதா, மறைப்பதா? பல பெற்றோரின் முதல் பதில், "சொல்லாதை தம்பி, பேர் கெட்டுப்போம்" என்பதுதான். இந்தப் பதில் தவறானது. ஏன் என்று விளங்க அங்குள்ள நடைமுறை தெரிய வேண்டும்.

முதலில் ஒரு தகவல் நாள். அதன்பின் ஆட்சேர்ப்பு நிலையத்தில் இரண்டு மூன்று நாட்கள். அங்கே உடற்பரிசோதனை, உடற்தகுதிச் சோதனை, கணினியில் கேள்விக்கொத்துகள், தேவைப்பட்டால் உளவியலாளருடன் பேச்சு. பழைய நோய்கள், எடுத்த மருந்துகள் பற்றிய வைத்தியரின் கடிதத்தைக் கொண்டு போக வேண்டும். மனச்சோர்வு வந்த எல்லோரையும் ஒரே கணக்கில் ஒதுக்கிவிடுவதில்லை. எப்போது வந்தது, எவ்வளவு கடுமை, தற்கொலை எண்ணம் இருந்ததா, இப்போது எப்படி என்று ஆளுக்கு ஆள் பார்க்கிறார்கள். சிலரைத் தகுதி என்பார்கள். சிலரைக் கொஞ்சக் காலம் பின்போட்டு மறுபடி அழைப்பார்கள். சிலரைக் குடிசார் பாதுகாப்புச் சேவைக்கு அனுப்புவார்கள். சிலருக்கு எதுவுமே இல்லை. தீர்ப்பில் உடன்பாடு இல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். காலக்கெடு அந்தக் கடிதத்திலேயே இருக்கும்.

தகுதியான ஒருவர் மனச்சாட்சிப்படி ஆயுதம் தூக்க விரும்பாவிட்டால் குடிசார் சேவையைக் கேட்கலாம். அது இராணுவ சேவையைவிட ஒன்றரை மடங்கு நீளம். 2009 முதல், விண்ணப்பித்தவரை இருத்தி வைத்து மனச்சாட்சியைப் பரிசோதிக்கும் வழக்கம் இல்லை. ஆனால் தகுதியற்றவர் என்று தீர்ப்பானவருக்கு இந்த வழி கிடையாது. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

தகுதியற்றவர் பொதுவாக இராணுவ விலக்கு வரி கட்ட வேண்டும்: வரிக்குரிய வருமானத்தில் 3 வீதம், ஆண்டுக்குக் குறைந்தது 400 பிராங். வருத்தம் என்று ஒதுக்கிவிட்டு அதற்கே காசும் கேட்பதா என்று கோபப்படுவது நியாயம்தான். நீரிழிவு காரணமாக ஒதுக்கப்பட்ட ஒருவர் தனக்குச் சேவை செய்ய விருப்பம் என்று சொல்லி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனார். 2009இல் குளோர் எதிர் சுவிற்சர்லாந்து வழக்கில் அது பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. அதன் பிறகுதான், ஒதுக்கப்பட்டவரும் விரும்பினால் தனக்கேற்ற பணியில் சேவை செய்யும் வழி திறந்தது. ஆகவே "தகுதியற்றவர்" என்ற தீர்ப்போடு எல்லாக் கதவும் மூடிவிடுவதில்லை.

மறைப்பதால் வரும் பெரிய ஆபத்து காசு சம்பந்தப்பட்டது அல்ல. பயிற்சிப் பள்ளி பெரும்பாலானோருக்கு 18 வாரம். நித்திரைக் குறைவு, வீட்டைப் பிரிந்த இருப்பு, ஓயாத கட்டளை. மனச்சோர்வு திரும்ப வருவதற்கு இவை போதும். சுவிஸ் படைவீரர் தன் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டு போகும் வழக்கமும் உண்டு. அதை நிறுத்தக் கேட்ட யோசனையை 2011 பெப்ரவரியில் வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். 2003இன் சீர்திருத்தத்தில் படையின் அளவு ஏறக்குறையப் பாதியானபோது, சேவை வயது ஆண்களிடையே தற்கொலை குறைந்ததை 2013இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பதும் இல்லாததும் ஓர் உயிரின் விடயம். சேவையில் உள்ளவர் தன் ஆயுதத்தைக் காரணம் சொல்லாமலே களஞ்சியத்தில் ஒப்படைத்து வைக்கலாம். வீட்டார் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இன்னொரு விபரீதமும் நடக்கிறது. பரிசோதனைக்குச் சில கிழமை முன்னர் குளிசையைத் திடீரென்று நிறுத்திவிடுவது. செர்ட்ராலின், எசிட்டலோபிராம் போன்றவற்றை அப்படி நிறுத்தினால் தலைச்சுற்று, நித்திரையின்மை, பதற்றம், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம், நோயும் திரும்பலாம். குறைப்பதானால் வைத்தியர் சொல்கிற அளவில், மெல்ல மெல்ல.

அமெரிக்கப் படை பற்றியும் கேட்பவர்கள் உண்டு. அங்கே விதி இறுக்கம்: கடைசி 36 மாதத்துக்குள் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்திருந்தால் விசேட அனுமதி இல்லாமல் சேர முடியாது. 2022 முதல் புதிய கணினி முறையில் பழைய மருந்துச் சீட்டுகளும் தெரிய வருகின்றன.

"பேர் கெட்டுப்போம்" என்ற பயத்துக்கும் வருவோம். என்ன நோய் என்பது வேலை தருபவருக்குப் போவதில்லை. ஊருக்குள் கதை பரவுவது பெரும்பாலும் நமது வாயால்தான். "ஆமியில எடுக்கேல்லையாம்" என்பது சம்பந்தம் பேசும் இடத்தில் சாதகத்தோடு சேர்ந்து போகிறது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் காயப்படுத்துகிறது என்று நீண்ட காலமாக எழுதி வருபவர். குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்று வைத்தியர் கேட்டால் பிள்ளைக்குப் பதில் தெரியாது. அப்பா ஏன் இரவில் எழும்பி இருக்கிறார் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. பெற்றோருக்காக வைத்தியரிடம் மொழிபெயர்த்து வளர்ந்தவன் அவன். அவன் வருத்தத்தைப் பெற்றோருக்கு மொழிபெயர்க்கத்தான் ஆள் இல்லை.

நெடுந்தீவில் இருக்கும் உறவுகளுக்கு இதே சிகிச்சை எடுக்கக் குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். சுவிஸில் பெரியவர்களுக்கு 143, இளையோருக்கு 147.